கம்ப்யூட்டருக்கு ஓர் அஞ்சறைப் பெட்டி

தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் நம் வீடுகளில் ஒரு யுத்தம் தொடங்கிவிடும். பரண் மேல் இருப்பதெல்லாம் கீழே இறங்கும். இறங்கியதில் கால்வாசி பழைய பேப்பர்க்காரரிடம் போகும். மீதி முக்கால்வாசி, "இருக்கட்டும், எதற்காவது உதவும்" என்ற தீர்ப்புடன் மறுபடியும் பரணுக்கே ஏறிவிடும். ஒட்டடை அடித்தாகும், பித்தளைப் பாத்திரங்கள் புளி பட்டுப் பளபளக்கும். எல்லாம் சரி. கூடத்து மூலையில், மேலே எம்பிராய்டரித் துணி போர்த்தி வைத்திருக்கிறீர்களே ஒரு பெட்டி, அதன் வயிற்றுக்குள் எப்போதாவது ஒட்டடை அடித்ததுண்டா?

கம்ப்யூட்டரைத்தான் சொல்கிறேன். வெளியே துணி போர்த்தித் தூசு துடைத்து வைத்திருப்பவர்கள் கூட உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. "அதெல்லாம் அவர் சமாசாரம்" என்றோ, "பையனுக்குத்தான் தெரியும்" என்றோ சொல்லிவிடுகிறோம். அவரைக் கேட்டால், "உன் கோலம் படங்கள்தானே அதில் பாதி?" என்கிறார். பையனைக் கேட்டால் காதில் ஏதோ மாட்டிக்கொண்டிருக்கிறான், கேட்கவே இல்லை! இந்த வழக்கில் யாருக்கும் பொறுப்பு இல்லாமல் பெட்டி நிரம்பிக்கொண்டே போகிறது. கடைசியில் ஒரு நாள், காலேஜில் மனுப் போடக் கடைசித் தேதியன்று, சான்றிதழ் நகல் எங்கே என்று குடும்பமே திரையைச் சுற்றி நின்று தேடுகிறது.

இது பெண்களுடைய வேலை என்று சொல்ல வரவில்லை, எல்லோருடைய வேலையும்தான். ஆனால் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் சாமர்த்தியம் வீட்டில் யாருக்கு இருக்கிறது? இருட்டில் கை நீட்டி, கடுகையும் வெந்தயத்தையும் மாற்றி எடுக்காமல் தாளிக்கிறவர் யார்? அந்த வித்தையைத்தான் இங்கேயும் காட்ட வேண்டியிருக்கிறது.

கம்ப்யூட்டர் திரையில் சின்னச் சின்ன மஞ்சள் உறைகள் தெரிகின்றனவே, போல்டர் என்று பெயர், அவை எங்கிருந்து வந்தன தெரியுமா? 1981-இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனி 'ஸ்டார்' என்று ஒரு யந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆமாம், நம் ஊரில் நகல் எடுப்பதற்கே பெயராகிவிட்ட அதே ஜெராக்ஸ்தான். விலை சுமார் 16,000 டாலர்! ஆபீஸ் உத்தியோகஸ்தர்களுக்காகச் செய்ததால், அவர்களுடைய மேஜை, காகிதம், உறை, தபால் தட்டு எல்லாவற்றையும் படமாகத் திரையில் வைத்தார்கள். குப்பைக் கூடையைப் போல 'ரீசைக்கிள் பின்' என்ற ஒன்று மைக்ரோசாப்டின் விண்டோஸில் 1995-இல் சேர்ந்தது. ஆக, அமெரிக்க ஆபீஸ் மேஜை ஒன்றுதான் நம் கூடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதனால்தானோ என்னவோ, நமக்கு அது ஒட்டவே மாட்டேன் என்கிறது. மேஜையை மறந்துவிட்டு அஞ்சறைப் பெட்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள். விஷயம் உடனே பிடிபட்டுவிடும்.

ஐந்து போல்டர் போதும். வீட்டுப் பத்திரங்கள் ஒன்று: பட்டா, வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது, இன்ஷூரன்ஸ், வருமான வரிக் காகிதங்கள் எல்லாம் இதில். ஆட்களின் காகிதங்கள் இரண்டாவது. இதில் வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரிலும் ஓர் உறை. பிறப்புச் சான்று, ஆதார், பாஸ்போர்ட், மார்க் ஷீட், வைத்தியப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள் அவரவர் உறையில். மூன்றாவது போட்டோ. நான்காவது பாட்டு, சமையல், கோலம், தையல், ஸ்லோகம் முதலிய உங்கள் சொந்த ராஜ்யம். ஐந்தாவதற்கு 'பார்க்க வேண்டியவை' என்று பெயர் வையுங்கள். எங்கே போடுவது என்று தெரியாததையெல்லாம் இதில் போடலாம். ஆனால் மாதம் ஒரு முறை இதைக் காலி செய்ய வேண்டும். (பெயர்தான் அஞ்சறைப் பெட்டி, பல வீடுகளில் உள்ளே கிண்ணம் ஏழு இருக்கிறது. உங்களுக்கும் ஏழு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன்.)

எழுபது மட்டும் வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு கனவான் போல்டருக்குள் போல்டர், அதற்குள் போல்டர் என்று எட்டு அடுக்கு வைத்திருக்கிறார். கொலுப்படி கூட ஒன்பதோடு நின்றுவிடுகிறது. இவர் எங்கே நிறுத்துவாரோ! கேஸ் ரசீது 'வீடு'க்குள் போகுமா, 'செலவு'க்குள் போகுமா, 'மாதாந்திரம்' என்பதற்குள் போகுமா என்று அவருக்கே சந்தேகம். முடிவில் சந்தேகம் தீராமல் மூன்றிலும் போட்டு வைத்திருக்கிறார். மூன்று அடுக்குக்கு மேல் போனால் திருப்பி எடுக்க வராது என்பது என் அபிப்பிராயம்.

பெட்டி தயார். உடனே வேண்டாததை அழிக்க ஆரம்பித்துவிடலாமா? கூடாது! முதல் வேலை, இருப்பதை இருந்தபடியே இன்னோர் இடத்தில் நகல் எடுத்து வைப்பது. வெளியே சொருகும் ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி, நல்லது கெட்டது பார்க்காமல் அப்படியே அதில் ஒரு முறை இறக்கிவிடுங்கள். பிறகு கத்தரிக்கோலை எடுக்கலாம். பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் போட்டோ நிபுணர் இதற்கு 3-2-1 என்று ஒரு கணக்கைப் பிரபலப்படுத்தியிருக்கிறார். எந்தப் பைலுக்கும் மூன்று பிரதி. இரண்டு வகைப் பொருள்களில். அதில் ஒன்று வேறு இடத்தில். வேறு இடம் என்றால் பக்கத்து அலமாரி அல்ல, வேறு வீடு, அல்லது இன்டர்நெட்டில் வாடகைக்குப் பிடிக்கும் இடம்.

வேறு வீடு எதற்கு என்று சென்னைவாசிகளுக்கு விளக்கத் தேவையில்லை. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது கீழ்த்தளத்து வீடுகளில் ஆல்பமும் போயிற்று, கம்ப்யூட்டரும் போயிற்று, கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்திருந்த நகலும் போயிற்று. தொலைந்த சான்றிதழ்களுக்கு நகல் கொடுக்க அரசாங்கமே சிறப்பு முகாம்கள் நடத்திற்று. கல்யாண போட்டோவுக்கும், குழந்தை முதல் அடி வைத்த படத்துக்கும் எந்த முகாமில் போய் வரிசையில் நிற்பது? ஆகவே ஒரு ஹார்ட் டிஸ்க்கை அக்கா வீட்டிலோ, நாத்தனார் வீட்டிலோ வைத்துவிடுங்கள். நாத்தனாரிடம் நம்பிக் கொடுக்கக் கூடிய பொருள் இது ஒன்றாவது இருக்கட்டுமே!

இனி ஒட்டடை. முதலில் 'டவுன்லோட்ஸ்' என்ற போல்டருக்குள் போங்கள். இன்டர்நெட்டிலிருந்து இறக்கியதெல்லாம் வந்து விழும் கொல்லைப்புறம் அது. அங்கே பைல்களை அளவு வாரியாகப் பெரியது முதலில் வரும்படி அடுக்கச் சொன்னால், இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவர் யார் என்று நிமிஷத்தில் தெரிந்துவிடும். அநேகமாக ஒரு சினிமா. 'குட் மார்னிங்' படங்களால்தான் கம்ப்யூட்டர் நிரம்பிவிட்டது என்று நாம் அழுகிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2 ஜி.பி. அளவுள்ள ஒரே ஒரு சினிமா, 4 எம்.பி. அளவுள்ள குடும்ப போட்டோக்கள் 500-க்குச் சமம். 200 கே.பி. குட் மார்னிங் படமானால் பத்தாயிரம்! பார்த்து முடித்து, பாதியில் தூங்கியும் போன ஒரு சினிமாவை அழித்தால் போதும், ஐந்நூறு போட்டோவுக்கு இடம் கிடைக்கிறது. முடிந்தவரை பெரியதிலிருந்து தொடங்கினால் உற்சாகம் பிறக்கும்.

அடுத்து, ஒரே பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 1, 2, 3 என்று வால் முளைத்த பைல்கள். இறக்கியதை மறந்துவிட்டு மறுபடியும் இறக்கினால் இந்த வால் வரும். ஒரு வீட்டில் கரண்ட் பில் ரசீது ஒன்றுக்கு ஆறு வால் பார்த்தேன். ஒன்றைத் திறந்து பார்த்து, அளவும் தேதியும் ஒன்றுதானா என்று கவனித்துவிட்டு மற்றதைக் கழித்துவிடலாம். இங்கே ஒரு ஜாக்கிரதை சொல்ல வேண்டும். விண்டோஸில் இடத்தை மிச்சப்படுத்தவென்றே 'ஸ்டோரேஜ்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதில் 'டெம்பரரி பைல்ஸ்' என்று போட்டு, கீழே வரிசையாகக் கட்டங்கள். தற்காலிகம்தானே என்று எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்துவிடாதீர்கள். அந்த வரிசையில் 'டவுன்லோட்ஸ்' போல்டரும் சாதுவாக உட்கார்ந்திருக்கும்! நீங்கள் இன்னும் பெட்டிக்கு மாற்றாத மார்க் ஷீட்டும் அதோடு போய்விடும்.

இப்போது வாட்ஸப். போனிலிருந்து கேபிள் போட்டுக் கம்ப்யூட்டருக்கு மாற்றிய படங்கள் மலைபோல் குவிந்திருக்கும். ஆண்ட்ராய்ட் போன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு ரகசியம்: வாட்ஸப்பில் வந்த படத்தின் பெயரில் தேதியும், அதன் பின்னால் டபிள்யூ, ஏ என்ற இரண்டு எழுத்துக்களும் இருக்கும். நம் போன் காமிராவில் நாமே எடுத்த படத்தில் அந்த இரண்டு எழுத்து இராது. தேடும் கட்டத்தில் அவ்விரண்டையும் தட்டினால் வந்தவை ஒரு பக்கமாக அணிவகுத்து நிற்கும். ரோஜாப்பூ, காபிக் கோப்பை, சூரியோதயம், வினாயகர், மறுபடியும் ரோஜாப்பூ...

ஆனால் மொத்தமாகச் சுருட்டி எறிந்துவிடாதீர்கள். மாம்பலத்தில் எனக்குத் தெரிந்த ஒரு சகோதரிக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

அவருடைய தாயார் கும்பகோணத்தில் தனியாக இருந்தார். எழுத்துத் தட்டக் கண் சரியில்லை என்று, வாட்ஸப்பில் பேசியே அனுப்புவார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. "ஏண்டீ, சாப்பிட்டாயா?", "இங்கே நல்ல மழை", "பக்கத்து வீட்டுப் பசு கன்று போட்டிருக்கிறது" என்று இவ்வளவுதான் சங்கதி. இரண்டு வருஷத்துப் பேச்சு அப்படிச் சேர்ந்தது. 2021-இல் தாயார் காலமானார். அவ்வளவையும் பத்திரமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறோம் என்று இவர் நிம்மதியாக இருந்தார், போனையும் மாற்றிவிட்டார். லீவுக்கு வந்த மருமான் பையன், நல்ல பிள்ளை, "அத்தை, உங்கள் கம்ப்யூட்டர் ஆமை மாதிரி ஓடுகிறதே!" என்று உபகாரமாக வாட்ஸப் போல்டரை அப்படியே துடைத்துவிட்டான். 12 ஜி.பி. மிச்சம் என்று அவனுக்குப் பெருமை. அத்தை அவனுக்குப் பாதாம் ஹல்வா செய்து போட்டு ஊருக்கு அனுப்பினார்.

தாயாரின் திவசத்தன்று குரலைக் கேட்கலாம் என்று உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. பையனைத் திட்ட மனசு வரவில்லை என்றார் அந்தச் சகோதரி. அவன் அழித்தது ரோஜாப்பூக்களைத்தான். பாட்டியும் அதற்குள்ளே இருந்தது அவனுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவர்கள் எல்லோரிடமும் விசாரித்தார். கடைசியில் சேலத்தில் இருக்கும் தம்பியின் போனில் ஒன்றே ஒன்று அகப்பட்டது. எப்போதோ வத்தக் குழம்புக்குப் பக்குவம் கேட்டு, அம்மா சொன்ன பதிலைத் தம்பி மனைவிக்காக அனுப்பி வைத்திருக்கிறார். பத்தொன்பது விநாடி. "புளியை ரொம்பக் கரைச்சு விட்டுடாதே" என்று தொடங்குகிறதாம். இப்போது அது மூன்று இடத்தில் இருக்கிறது.

குரல் பதிவுகளின் பெயர் பி.டி.டி. என்ற மூன்று எழுத்தில் தொடங்கும். கூடவே தேதியும் இருக்கும். ஆகவே தேடி எடுப்பது சுலபம். முதலில் இவற்றைத் தனியே நகர்த்திவிட்டுத்தான் ரோஜாப்பூவில் கை வைக்க வேண்டும். சாதாரணமாகக் கம்ப்யூட்டரில் இவை பாடாமல் முரண்டு செய்தால், வி.எல்.சி. என்ற இலவச பிளேயர் பாடவைக்கும். கல்யாணத்தில் மாமா போனில் எடுத்து அனுப்பிய போட்டோக்களும் ரோஜாப்பூக் கும்பலோடுதான் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பெயர் வைப்பதைப் பற்றிக் கொஞ்சம். குழந்தைக்குப் பெயர் வைக்க ஜோஸ்யர் முதல் எல்லோரையும் கலக்கிறோம். பைலுக்கு மட்டும் 'ஸ்கேன் 0017' என்று விட்டுவிடுகிறோம். பிறகு பதினேழா, பதினெட்டா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பானேன்? தமிழிலேயே பெயர் வைக்கலாம், விண்டோஸ் ஆட்சேபிக்காது. முன்னால் தேதி போடுங்கள், ஆனால் தலைகீழாக! வருஷம் முதலில், பிறகு மாதம், பிறகு நாள்: '2024-03-15 சொத்து வரி ரசீது' என்று. இப்படிப் போட்டால் கம்ப்யூட்டர் அதுவாகவே காலக்கிரமப்படி அடுக்கிவிடும். நாம் வழக்கமாக எழுதுவதுபோல் நாளை முதலில் போட்டால் 2019 ஜனவரி முதல் தேதிக்குப் பக்கத்தில் 2024 ஜனவரி முதல் தேதி வந்து நின்று குழப்பும். மார்ச் மாதத்தை 3 என்று போடாமல் 03 என்று போடுவதும் இதற்காகத்தான். இல்லாவிட்டால் சில இடங்களில் 10 முன்னால் வந்துவிடக்கூடும். தேதிக்கு நடுவே சாய்ந்த கோடு போட விண்டோஸ் அனுமதிப்பதில்லை. கேள்விக்குறியும் முக்காற்புள்ளியும் கூட ஆகாது. சிறு கோடு போதும்.

(பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. சி, ஓ, என் என்ற மூன்று எழுத்தில் போல்டருக்குப் பெயர் வைக்க முடியாது, அதில் ஏதோ மர்மம் இருக்கிறது என்று ஒரு செய்தி வாட்ஸப்பில் சுற்றிச் சுற்றி வருகிறது. மர்மமும் இல்லை, மந்திரமும் இல்லை. பழைய டாஸ் காலத்தில் கீபோர்டையும் திரையையும் குறிக்க ஒதுக்கி வைத்த பெயர் அது, இன்றும் விட்டுக்கொடுக்கவில்லை.)

குப்பைக் கூடையின் குணத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். அழித்தது முதலில் ரீசைக்கிள் பின்னில் போய் விழும். அங்கே இருக்கும் வரை இடமும் மிச்சமாகாது, பொருளும் நஷ்டமாகாது. திரும்ப எடுத்துவிடலாம். ஆனால் பென் டிரைவிலிருந்து அழித்தால் சாதாரணமாகக் கூடைக்கு வராது, போனது போனதுதான். ஷிப்டை அழுத்திக்கொண்டு டிலீட் தட்டினாலும் அதே கதி. அவசரக்காரர்கள் அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளாமல் இருப்பதே நல்லது.

இதைவிடப் பெரிய வம்பு ஒன்று உண்டு. ஒன்டிரைவ், கூகிள் போட்டோஸ் என்று இன்டர்நெட்டில் நகல் வைக்கும் ஏற்பாடுகளைச் சிலர் பாங்க் லாக்கர் மாதிரி நினைக்கிறார்கள். லாக்கர் அல்ல, கண்ணாடி! இங்கே அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். "அதுதான் மேலே ஏறிவிட்டதே, கம்ப்யூட்டரில் எதற்கு?" என்று ஒன்டிரைவ் போல்டரிலிருந்து கழித்தால், மேலே இருப்பதும் போகும். தனி நபர் கணக்கானால் அதன் கூடையில் 30 நாள் இருக்கும். கூகிள் போட்டோஸில் மேலே ஏற்றிய படமானால் 60 நாள். அதற்குள் விழித்துக்கொண்டால் பிழைத்தோம். கூகிள் இலவசமாகக் கொடுக்கும் 15 ஜி.பி. இடம் கடிதத்துக்கும் போட்டோவுக்கும் சேர்த்துத்தான். 2021 ஜூன் முதல் புதிதாக ஏற்றும் போட்டோக்கள் எல்லாமே அந்தக் கணக்கில் சேருகின்றன. இரண்டு வருஷம் தொடாமலே கிடக்கும் கணக்கை கூகிள் நீக்கிவிடலாம் என்பதும் இப்போது விதி. குழந்தை பெயரில் ஆசையாகத் தொடங்கி, படங்களைப் போட்டுவிட்டு, மறந்துபோன கணக்கு ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

தமிழ்க் குடும்பங்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. இருபது, இருபத்தைந்து வருஷத்துக்கு முன் கம்ப்யூட்டரில் தமிழ் தட்டெழுதியவர்கள் ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டினார்கள். பாமினி என்ற எழுத்துருவில் 'அம்மா' என்று தட்டியதை, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று இங்கிலீஷ் எழுத்துக்களாய்த் தெரியும்! உள்ளே உண்மையில் இருப்பது அதுதான்; எழுத்துரு அதன் மேல் தமிழ் வேஷம் போட்டுக் காட்டியது. எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோட் முறை பிறகுதான் பரவியது. தமிழ்நாடு அரசு அதை ஏற்றது 2010-இல். அதற்கு முன் அப்பா தட்டி வைத்த குடும்ப வரலாறு, தாத்தாவின் சஷ்டியப்தபூர்த்திக்கு அச்சடித்த வாழ்த்து, அத்தை எழுதிய ஊறுகாய்க் குறிப்புகள் எல்லாம் பழைய போல்டரில் கிறுக்கல்களாகக் கிடக்கும். "என்னவோ கெட்டுப்போன பைல்" என்று அதைத்தான் முதலில் குப்பையில் போடுகிறோம்.

போடாதீர்கள். பழைய கம்ப்யூட்டர் இன்னும் உயிரோடு இருந்தால் அதிலேயே திறந்து, பி.டி.எப். ஆக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து உருவத்தோடு சேர்ந்து வந்துவிடும். முக்கியமானதைக் காகிதத்திலும் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்றித் தரும் கருவிகள் இன்டர்நெட்டில் இலவசமாகவே இருக்கின்றன. ஒரு பக்கத்தைக் கொடுத்துப் பார்த்தால், கிறுக்கல் அப்படியே கலைந்து தமிழாக எழுந்து நிற்பது பார்க்கப் பரவசமாக இருக்கும். கல்யாண வீடியோ டிஸ்க்குகளுக்கும் இதே அவசரம். புது லாப்டாப்களில் டிஸ்க் போடும் தட்டே கிடையாது. தனியாக வாங்கிச் சொருக வேண்டும். டிஸ்க்குகளும் காலப்போக்கில் படிக்க வராமல் போய்விடுகின்றன.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தன் வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திக்கொண்டதால் பல வீடுகளில் பழைய பெட்டியைத் தள்ளிவிட்டுப் புதிது வாங்குகிறார்கள். தள்ளும்போது ஒரு விஷயம். அழித்த பைல் உடனே மறைந்துவிடுவதில்லை. அந்த இடம் காலி என்று குறித்து வைப்பதோடு சரி. ஹார்ட் டிஸ்க்காக இருந்தால், வேறொன்று அதன் மேல் ஏறும் வரை தோண்டி எடுக்கத் தெரிந்தவர்கள் எடுத்துவிடுவார்கள். உங்கள் ஆதாரும் பாங்க் பாஸ் புத்தகமும் எக்ஸ்சேஞ்ச் கடையில் யார் கைக்குப் போகும்? 'ரீசெட்' என்ற இடத்தில் எல்லாவற்றையும் நீக்கு என்பதோடு, தகவலைச் சுத்தமாகத் துடை என்ற ஏற்பாடும் இருக்கிறது. நேரம் பிடிக்கும், ராத்திரி போட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். பிரிண்ட் எடுக்கத் தெருமுனைக் கடைக்கு ஆதாரைக் கொண்டுபோனால், வேலை முடிந்ததும் அந்தக் கம்ப்யூட்டரில் தங்கிய நகலைக் கண் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம். கடைசி நாலு எண் மட்டும் தெரியும்படி மறைத்த ஆதாரையும் அரசாங்கத் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். பல இடங்களுக்கு அது போதும்.

கடைசியாக, பேசச் சற்றுத் தயங்கும் விஷயம். பாங்க்கில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், ஒழுங்குக்குப் பெயர் போனவர், எல்லாக் கணக்கையும் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். திடீரென்று மாரடைப்பு. அவர் மனைவிக்குப் பாஸ்வேர்ட் தெரியாது. என்ன இன்ஷூரன்ஸ், எந்த பாங்க்கில் டெபாஸிட் என்பதும் தெரியாது. ரிப்பேர்க்காரர் ஒருவர் டிஸ்க்கைக் கழற்றி வேறொன்றில் மாட்டிப் படித்தார். 'இதர' என்று பெயரிட்ட போல்டரில் அவ்வளவும் இருந்தன! அவரளவில் அது ஒழுங்குதான். கிடைக்க நாலு மாசம் ஆயிற்று.

இப்போது வரும் கம்ப்யூட்டர்களில் அப்படிக் கழற்றிப் படிப்பதும் நடக்காத காரியம். விண்டோஸ் 11 போட்ட பல யந்திரங்கள் டிஸ்க்கைத் தாமாகவே பூட்டி வைக்கின்றன. திறக்க 48 இலக்கச் சாவி எண் ஒன்று வேண்டும். அது பெரும்பாலும் உரியவரின் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். கணக்கின் பாஸ்வேர்ட் தெரியாவிட்டால் சாவி பூட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்ட கதைதான்.

ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். கம்ப்யூட்டரைத் திறக்கும் சொல், மைக்ரோசாப்ட், கூகிள் கணக்குகள், அந்த 48 இலக்கம், ஐந்து போல்டரில் எது எங்கே என்ற குறிப்பு, ஹார்ட் டிஸ்க் யார் வீட்டில் இருக்கிறது என்ற விவரம் எல்லாவற்றையும் பேனாவால் எழுதி, நகை வைக்கும் இடத்தில் வையுங்கள். பாங்க் சம்பந்தப்பட்ட ரகசிய எண்களை மட்டும் அதில் எழுத வேண்டாம். எந்த பாங்க், எந்தக் கிளை, நாமினி யார் என்பது போதும். கூகிளில் 2013 முதல் ஓர் ஏற்பாடு இருக்கிறது: நாம் குறிப்பிடும் காலம் வரை கணக்கைத் தொடாமல் இருந்தால், நாம் சொல்லி வைத்த ஆளுக்குத் தகவல் போகும், அனுமதித்த விஷயங்களை அவர் எடுத்துக்கொள்ளலாம். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஆப்பிள் கம்பெனியும் 2021 டிசம்பரில் இதுபோன்ற ஒரு வசதி செய்தது.

"இப்போது எதற்கு இந்தப் பேச்சு?" என்று வீட்டுக்காரர் முகம் சுளிக்கலாம். நல்ல நாளும் கிழமையுமாக ஆரம்பித்தால் அப்படித்தான் சுளிப்பார். இன்ஷூரன்ஸ் பிரீமியம் கட்டச் சொல்லிச் செய்தி வரும் அன்றைக்கு, ராத்திரிச் சாப்பாடு ஆன பிறகு, "பாலிஸி எந்தப் போல்டரில் இருக்கிறது, காட்டுங்கள் பார்ப்போம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். அவரே தேட ஆரம்பிப்பார். கால் மணி நேரம் தேடிய பிறகு நோட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டலாம்.